மௌன விரதம் என்று நினைத்தேன்

பின்னாலிருந்து மூன்று முறை கூப்பிட்டதாக என் மகன் சொல்கிறான். அது ஏன் என் காதில் விழவில்லை?

அவனுக்கு வயது பத்தொன்பது. பாலும் கோதுமையும் ஒத்துக்கொள்ளாமல் உணவுக்குழாய் வீங்கி, வழி குறுகிவிடும் நோய். "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று பத்து நாளாக மருந்தை விட்டிருந்தான். நானும் வற்புறுத்தவில்லை.

பௌர்ணமியன்று விடிந்ததும் கிரிவலம் போனோம். அடி அண்ணாமலையில் சாமிக்கு உடைத்த தேங்காயில் ஒரு சில்லு கொடுத்தேன். பாலோ கோதுமையோ இல்லையே என்ற தைரியம். சுற்றிலும் பலர் பேசாமல் நடந்தார்கள். காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அவனும் மௌன விரதம் என்றே நினைத்துத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

"அக்கா, உங்க பையன் சட்டையெல்லாம் ஈரமா கீது பாருங்க" என்றார் ஒரு பூக்காரம்மா. திரும்பினேன். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல், அது வாயோரம் வழிய என்னையே பார்த்தபடி நின்றான். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். குழாய் விட்டு, உணவுக்குழாயில் சிக்கியிருந்த தேங்காயை எடுத்தார்கள்.

"ஒரு அடி பின்னாடிதாம்மா இருந்தேன். வாயெல்லாம் எச்சில், குரல்தான் எழும்பல" என்றான் பிறகு.

இப்போது அவன் மருந்தை விழுங்கியதைப் பார்த்த பிறகே நகர்கிறேன். வெளியே போனால் அவனை முன்னால் நடக்க விடுகிறேன். ஆனால் அடுத்த மாதம் கல்லூரி விடுதிக்குப் போகிறான். கூடத் தங்கும் பையன்களிடம் பயமுறுத்தாமல் இதை எப்படிச் சொல்லி வைப்பது? இப்படிப் பிள்ளை உள்ளவர்கள் எழுதுங்களேன்.