பூ வைக்க முடியாத படம்

என் அம்மாவைப் பெற்றவர்கள் இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அப்புச்சி தனியாக உண்டு, ஆதார் அட்டைக்காக முறைத்தபடி. அம்மாயி, யாருடைய கல்யாணத்திலோ பந்திக்குப் பக்கத்தில், பாதி திரும்பிய முகமாக. அவள் இறந்த பிறகு அந்த முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, கையகலச் சட்டம் போட்டு, மலைமேல் குண்டனி நாட்டு வீட்டின் உள்சுவரில் மாட்டியிருந்தார்கள். அமாவாசைதோறும் அப்புச்சி கொல்லையிலிருந்து செவ்வந்தி கிள்ளிவந்து அதன்மேல் வைப்பார். வைத்துவிட்டு நகரமாட்டார். மிளகு விலை இறங்கியது, மரவள்ளியைப் பன்றி தோண்டியது, லாரிக்காரன் வருகிறேன் என்று ஏமாற்றியது, எல்லாம் சொல்லுவார். வேறு யாரிடமும் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

எனக்கோ எதையும் இருக்கிறபடி விடத் தெரியாது. ஊர் மாறினேன், வேலை மாறினேன், வயது ஐம்பதை நெருங்கியும் கால் ஓயவில்லை. சுவரில் ஒரு முகம் தனியாக இருந்தால் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்கத் தோன்றும். பொங்கலுக்கு அப்புச்சிக்கு இருவரும் சேர்ந்த படமாகவே கொடுப்போம் என்று, அம்மாயி படத்தைச் சட்டத்தோடும், கூடவே அப்புச்சியின் ஆதார் படத்தையும் எடுத்துக்கொண்டு அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கினேன்.

“பின்னாடி சுவிட்சர்லாந்து போட்டுடலாங்களாக்கா? பனிமலை சூப்பரா இருக்குங்க,” என்றார் ஸ்டுடியோக்காரர்.

“மலையிலயே கெடக்கறவங்களுக்கு எதுக்குங்க இன்னொரு மலை? மிளகுக்கொடி போடுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே அம்மாயியின் முகத்தை நேராக்கினார், அரக்குப் பட்டு உடுத்தினார், வெள்ளைச் சட்டை போட்ட அப்புச்சியை அவள் தோளை ஒட்டி உட்காரவைத்தார். பழைய படம் மலை ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. முதலில் கண்ணாடியோடு காப்பி எடுத்துக்கொண்டுதான் பிரித்தார்; பிரிக்கையில் பாதி முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. “கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குதுங்கக்கா,” என்றார். புதிது வந்தபின் பழையது எதற்கு என்றுதான் எனக்கும் பட்டது.

அப்புச்சி மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“இது மிளகில்ல கண்ணு, வெத்தலைக் கொடி.”

“ஐயோ!”

“உடு. உங்கம்மாயிக்கு அதான் புடிக்கும்.”

“மாப்பிள்ளையாட்டம் இருக்கறீங்க மாமா,” என்றாள் அத்தை. அந்த வீட்டு மருமகள், என் மாமாவின் மனைவி.

“இருக்கறேன்ல?” என்று மீசையைத் தடவிக்கொண்டார். பழைய ஆணியிலேயே மாட்டினோம்.

தை அமாவாசைக்கும் நான் போயிருந்தேன். அப்புச்சி குளித்து, செவ்வந்தியோடு வந்து படத்தை நோக்கிக் கையைத் தூக்கினார். அடுப்படியிலிருந்து அத்தை அலறினாள்.

“மாமா, வேண்டாங்க! நீங்களும் உள்ள இருக்கறீங்க!”

எங்களுக்கு யாருக்கும் அதுவரை உறைக்கவில்லை. உயிரோடு இருப்பவர் படத்துக்குப் பூ வைக்க எங்கள் பக்கத்தில் யாருக்குக் கை வரும்?

“நான் எங்க உள்ள இருக்கறேன்? இங்கயில்ல நிக்கறேன்,” என்றார். கை மட்டும் இறங்கிவிட்டது. “அவ பக்கத்துல மட்டும் வெச்சர்றேன்.”

“சட்டம் ஒண்ணுதானுங்களே மாமா.”

பூவை உள்ளங்கையில் வைத்தபடி நின்றார். பிறகு வெளியே போய்ச் செடியடியிலேயே போட்டுவிட்டு வந்தார். அன்று மிளகைப் பற்றியோ பன்றியைப் பற்றியோ ஒரு சொல் இல்லை.

இதற்கு வழியா இல்லை என்று மறுநாளே இறங்கி, அம்மாயியைத் தனியாகப் பிரிண்ட் போட்டு, பழைய அளவிலேயே சட்டமும் போட்டு எடுத்துப்போனேன். அப்புச்சி வாங்கவில்லை. கண்களை மட்டும் இரண்டு படங்களுக்கும் நடுவே நடக்கவிட்டார்.

“இங்க எங்கூட உக்காந்திருக்கறா. அங்க அவளுக்கே பூ வைக்கச் சொல்றயா?”

“இல்லீங்கப்புச்சி, இது வெறும்…”

“அப்பறம் எது கண்ணு அவ?”

“அப்பப் பெரிய படத்தைக் கழட்டிரட்டுங்களா?”

“வேண்டாம் வேண்டாம்.” குரல் பதறிவிட்டது. “இப்பத்தான் பக்கத்துல வந்து உக்காந்திருக்கறா. எழுப்பாத.”

நான் எழுப்பவில்லை. அவளை அவர் பக்கத்தில் உட்காரவைத்தோம். அவரோ அவளிடம் போய்ச் சொல்லும் சேதிகளை விட்டுவிட்டார். கூடவே இருப்பவளுக்குத் தெரியாத சேதி ஏது? ஒரு மனிதன் மாதமெல்லாம் சேர்த்துவைத்துப் பேசிய பேச்சை, அன்பு என்று நினைத்து, ஒரே சட்டத்துக்குள் அடைத்து மூடியிருக்கிறோம். இன்று கழற்றினால் அவளைப் பிரித்த பாவம். கழற்றாவிட்டால் இந்த மௌனம்.

போன மாதம் போனபோது படத்துக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, “மிளகு என்ன வெல போவுதுங்கப்புச்சி?” என்றேன்.

“அதெல்லாம் உனக்கெதுக்கு சாமி,” என்றார். “சாப்பிட்டயா?”