கோதுமைக்குப் பதில் இரும்பு

தொண்ணூறுகளின் கடைசியில் என் கல்லூரி நண்பனின் அப்பா சிங்காநல்லூரில் மோட்டார் பம்புப் பட்டறை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. ஆபீஸ் அறையிலிருந்த கம்ப்யூட்டர் எங்களுக்கு. நாடுகளை ஆளும் விளையாட்டு ஒன்று அதில் இருந்தது. ஆளுக்கொரு நாடு. ஒருவர் ஆடும்போது மற்றவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும்.

இருவராக ஆடிய வரை வம்பில்லை. பிறகு கிணத்துக்கடவிலிருந்து அவனுடைய மாமன் மகள் காலேஜில் சேர வந்து, அத்தை வீடான அவன் வீட்டிலேயே தங்கினாள். மூன்றாவது நாடு அவளுக்கு. பார்த்த முதல் வாரமே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. ஆனால் அவனுக்கல்லவா முறைப்பெண்? அவனை மச்சான் என்று அதட்டுவாள். என்னை அண்ணா என்பாள். எங்கள் ஊரில் பஸ் கண்டக்டரும் அண்ணாதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

திரை ஓரத்தில் ஒவ்வொரு நாட்டின் கொடிக்குப் பக்கத்திலும் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். சிரித்த முகம் என்றால் நட்பு, சிவந்த முகம் என்றால் பகை, அம்புக்குறி சரக்கு போகும் திசை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். யாரோ காப்பி போட்டுக் கொடுத்த விளையாட்டுக்கு விளக்கப் புத்தகம் எங்கே இருக்கும்?

ஒரு ஞாயிறு அவள் நாட்டிலிருந்து எனக்குக் கோதுமை வந்திருந்தது. அவள் கொடியருகே ஒரு தராசு மின்னிக்கொண்டிருந்தது. கோதுமை வந்த சந்தோஷத்தில் தராசை யார் கவனித்தார்கள்? பக்கத்து வீட்டுப் பலகாரம் வந்த பாத்திரத்தை எங்கள் வீட்டில் வெறுமனே திருப்பித் தந்ததில்லை. இரும்பை அள்ளி அனுப்பினேன். தராசு அணைந்தது. அவள் முகம் சிரித்தபடியே இருந்தது. நான் தரையில் நடக்கவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் பார்த்தால், அவள் கொடிக்கும் அவன் கொடிக்கும் நடுவே இரு பக்கமும் அம்புகள். கொஞ்ச நாளில் இரண்டு கொடிகளையும் சேர்த்து ஒரு வளையம். என்னிடமிருந்து அவளுக்குப் போகும் அம்பு மட்டும் ஒற்றையாய் நின்றது. ஆத்திரத்தில் அவன் துறைமுகத்தைத் தாக்கினேன். அந்த நொடியே அவள் முகமும் சிவந்துபோனது.

பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "ஏங்க, இரும்பெல்லாம் அனுப்புனது நானுங்க. அவங்கூடப் போய்ச் சேந்துக்கிட்டீங்களே?"

அவள் சுவரிலிருந்து திரும்பினாள். "தராசு மின்னுனா வியாபாரம் வெச்சுக்கலாமான்னு கேக்கறதுங்ணா. அத அமுக்கோணும். மாதிரிக்குக் கோதுமைய அனுப்பி உங்களத்தானுங்ணா மொதல்ல கேட்டேன். நீங்க அமுக்காம இரும்ப அள்ளி உட்டுப்போட்டீங்க. இஷ்டமில்லையாட்ட இருக்குதுன்னு அப்பறந்தான் மச்சானக் கேட்டேன்."

"கப்பங் கட்டியிருக்கறான்," என்று அவன் சுவரைப் பார்த்தபடியே சிரித்தான்.

அவர்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகிறது. அவள் கேட்டது வெறும் விளையாட்டுக்குத்தான், எனக்குத் தெரியாதா? இருந்தாலும் முதலில் கேட்டது என்னை. அவன் ஒரே ஒரு தராசை அமுக்கியதோடு சரி, அவளுக்காக ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டதில்லை.