மச்சான் வாங்கிய ஸ்போர்ட்ஸ் வாட்ச்

என் மனைவியின் அண்ணன் தினமும் காலையில் என் கண் முன்னால் பனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு ரப்பர் பட்டையில் எச்சில் துப்புவார். துப்பியதைக் கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துவிட்டு, அந்தப் பட்டையை மார்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். பிறகு இடது கையிலிருக்கும் வாட்சைப் பார்ப்பார். அவருடைய இதயம் நிமிடத்துக்கு எத்தனை தடவை அடிக்கிறது என்று அதில் எண் வரும்.

பட்டை ஈரமாக இருந்தால்தான் வாட்சுக்குச் சேதி போகுமாம். கூட வந்த புத்தகத்தில் தண்ணீர் தொட்டு நனைக்கச் சொல்லியிருந்தது. நான் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டியும் பார்த்தேன். "எச்சில்தான் மாப்ள கரெக்ட்டு. ஃபாரின்ல ஓட்றவன்லாம் இப்டித்தான்" என்றார். எந்த வெளிநாட்டுக்காரன் துப்பியதை அவர் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொள்வேன். அங்கேயும் நிம்மதியாகப் பார்க்க ஒன்றும் இருக்காது. அலைக்குத் தடுப்பாகக் கொட்டியிருந்த கருங்கற்களின்மேல் லாரிக்காரர்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள்.

இரண்டாயிரத்துக்கு நாலைந்து வருடம் கழித்து நடந்தது இது. நான் எண்ணூர் பக்கம் இரும்பு வார்க்கும் ஆலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். வீடு திருவொற்றியூரில். மச்சான் துறைமுகத்தில் சரக்கு இறக்கி ஏற்றும் காகித வேலைகளைச் செய்துகொடுக்கும் ஏஜெண்டாக இருந்தார். கன்டெய்னர் வியாபாரம் ஏறிக்கொண்டிருந்த காலம், அவரும் கூடவே ஏறினார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வருடத்தில் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நான் ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கினேன். மச்சான், சிங்கப்பூருக்குப் போய்வரும் கப்பல்காரர் ஒருவரிடம் சொல்லி இந்த வாட்சை வரவழைத்தார். அதன் விலை என்னுடைய இரண்டு மாதச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

வாட்ச் வந்த அன்றே எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தார். கறுப்பு நிறத்தில் தடியாக இருந்தது. கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. "அம்பது மீட்டர் ஆழத்துல போட்டாலும் ஒண்ணும் ஆவாது" என்றார். சொன்னதோடு விட்டிருக்கலாம். என் கையிலிருந்து வாங்கி, சமையலறை வாசலில் இருந்த குடத்துக்குள் போட்டுக் காட்டினார். தெருக்குழாயில் காற்று மட்டுமே வந்துகொண்டிருந்த கோடை அது. தண்ணீர் லாரிக்கு என் மனைவி வரிசையில் நின்று பிடித்த குடிதண்ணீர். முழங்கை வரை கையை உள்ளே விட்டு அதை எடுத்தார். குடத்தில் எண்ணெய் மினுமினுப்பு மிதந்தது.

அவர் போனதும் அந்தக் குடத்தைச் சாக்கடையில் கவிழ்க்கப் போனேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அண்ணன் கைதானே? இன்னா கலீஜா பூடுச்சி இப்ப?"

நான் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. அவள் குடித்தாள்.

மச்சான் கொடுங்கையூரில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். அதுவரை அதே பக்கம் வாடகைக்கு இருந்தார். குப்பைமேட்டுப் புகையில் அங்கே நடக்க முடியாது என்று தினமும் பைக்கில் எங்கள் பக்கம் வந்துவிடுவார். கடலோரச் சாலையில் இருவரும் நடப்போம். துறைமுகத்துக்குள் போவதற்காகக் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். இரண்டு நாள், மூன்று நாள்கூட அப்படியே நிற்கும். டீசல் புகை, மீன் காயும் வாடை, மூத்திர நெடி எல்லாம் சேர்ந்து தொண்டையில் இறங்கும். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அந்தக் காற்றை இழுத்துக்கொண்டு நடந்தபடியே மச்சான் வாட்சைப் பார்த்து, "நூத்திப் பதினெட்டு. சூப்பரா கீது மாப்ள" என்பார்.

லாரி வரிசைக்கு நடுவே ஒரு பெண் இட்லி விற்றுக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். டிரைவர்கள் அக்கா என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவள் கடை எதிரில்தான் மச்சான் பைக்கை நிறுத்துவார். அங்கேயேதான் துப்பவும் செய்வார். ஒருநாள் அவள் கேட்டாள்.

"இன்னா நைனா அது, இடுப்பு வலிக்குக் கட்றா மாதிரி?"

"இது ஹார்ட்டு எப்டிக் கீதுன்னு சொல்றது."

"யாருக்குக் கட்னாலும் சொல்லுமா?"

"யாருக்குக் கட்னாலும் சொல்லும். ஆளு உசுரோட கீறானா இல்லியான்னே சொல்லும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர்கள் தட்டோடு எழுந்து வந்து பார்த்தார்கள். மச்சான் கையை நீட்டி ஒவ்வொருவருக்கும் காட்டினார்.

சில வாரம் கழித்து ஒரு காலை, நாங்கள் நடந்து திரும்பிவந்துகொண்டிருந்தோம். அக்காவின் கடைக்குப் பக்கத்தில் நின்ற லாரியிலிருந்து ஒரு டிரைவர் இறங்கினார். லுங்கியும் முண்டா பனியனுமாக, என் வயதுக்காரர். ஒரு கையால் மார்பைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒரு சோடா" என்றார். சோடா வருவதற்குள் கல்லின்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் வாந்தியெடுத்து, பனியனெல்லாம் நனைந்து, அப்படியே பக்கவாட்டில் சரிந்து தரையில் விழுந்தார்.

நான் ஓடினேன். எனக்குப் பின்னாலிருந்து 'பீப்' என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நடையை முடிக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தை நிறுத்த மச்சான் அமுக்கும் பொத்தான் அது. முதலில் அதை அமுக்கிவிட்டுத்தான் அவர் கிட்டே வந்தார்.

"இன்னா மாப்ள, தண்ணி போட்டுக்கீறானா?"

சாராய வாடையே இல்லை. புளித்த சோற்று வாடைதான் அடித்தது. டிரைவரின் முகம் சாம்பல் பூத்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. அக்கா தன் முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். சோடாவை அவர் வாயில் ஊற்றப் போனவளை நான் தடுத்தேன். அவள் நிமிர்ந்து மச்சானைப் பார்த்தாள்.

"நைனா, அத்த இவருக்குக் கட்டிப் பாரு நைனா. உசுரு கீதான்னு சொல்லும்னியே."

மச்சானின் கை தன் மார்புக்குப் போனது. பனியனுக்கு மேலேயே பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் கையை இறக்கிவிட்டார்.

"வாந்தியெல்லாம் கீதும்மா. பட்டைல பட்டுச்சின்னா கழுவ முடியாது. உள்ள மிஷினு கீது."

அக்கா குனிந்து, வாந்தி நனைத்த அந்தப் பனியன்மேலேயே காதை வைத்தாள். லாரிகளின் இரைச்சலில் அவளுக்கு என்ன கேட்டிருக்கும் என்று தெரியவில்லை. "அடிக்கிற மாதிரிதான் கீது" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாட்சைக் கட்டியிருந்தால் ஓர் எண் வந்திருக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நாங்கள் எதுவும் செய்திருக்கப் போவதில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் தினமும் தன் எச்சிலைத் துப்பித் தேய்க்கிற பட்டையில் இன்னொருவனின் வாந்தி படக்கூடாது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டபோது, எனக்கு அருவருத்துப் போனது. வாந்தியைப் பார்த்து வந்த அருவருப்பு இல்லை. வாந்தியை நான் கையாலேயே வழித்துவிட்டிருந்தேன்.

காசிமேட்டுக்கு ஐஸ் ஏற்றப் போய்க்கொண்டிருந்த மீன்பாடி வண்டி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினேன். மோட்டார் பொருத்திய மூன்றுசக்கர வண்டி. வண்டிக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலிக் கூடைகளைத் தூக்கி ரோட்டோரம் எறிந்துவிட்டு, டிரைவரின் காலைப் பிடித்தார். நான் தலைப்பக்கம். மச்சான் வண்டியின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார், வண்டி எங்கும் ஓடிவிடாமல்.

"நீ போ மாப்ள. நான் பைக்ல பின்னாடியே வரேன்."

அரசு ஆஸ்பத்திரி வாசல் வரை டிரைவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மீன் செதிள் என் கையெல்லாம் ஒட்டியிருந்தது. பாதி வழியில் அவர் கண்ணைத் திறந்து, "வண்டில சாவி இருக்குங்க" என்றார். உள்ளே சேர்த்தார்கள். ஊரில் இருக்கும் தம்பியின் நம்பரை அவரே சொன்னார். போன் போட்டுச் சொன்னேன். மத்தியானம் வரை வாசலில் இருந்தேன். மச்சான் வரவில்லை.

மறுநாள் நான் தனியாகத்தான் நடக்கப் போனேன். அக்கா டிரைவரைப் பற்றி விசாரித்தாள். பிழைத்துக்கொண்டார் என்றேன். இட்லியைத் தட்டில் வைத்தபடியே அவள் சொன்னாள்.

"உன் மச்சான் கீறாரே, நீ அந்தாண்ட போனதும் மறுபடி பட்டன அமுக்கிகினு நடந்துகினே பூட்டாரு. நட இன்னும் பாக்கி கீதாம்."

இட்லியை என்னால் சாப்பிட முடியவில்லை. அவள் மனம் நோகும் என்று மடித்து வாங்கிக்கொண்டேன்.

டிரைவர் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். தம்பி வந்து ஊருக்கு அழைத்துப்போனார். லாரி முதலாளி வேறு ஆளைப் போட்டுவிட்டதாகவும், அவர் இப்போது ஊரில் சும்மா இருப்பதாகவும் பின்னால் அக்கா சொன்னாள். அந்தப் பக்கத்து டிரைவர்கள் மூலம் அவளுக்குச் சேதி வரும்.

மச்சானோடு நான் சண்டை போடவில்லை. ஷிப்ட் மாறிவிட்டது என்று சொல்லி அவரோடு நடப்பதை நிறுத்திக்கொண்டேன். அப்படியே போயிருக்கும். நடுவில் அவருடைய புது வீட்டின் கிரகப்பிரவேசம் வந்தது.

அன்று குப்பைமேடு எரிந்துகொண்டிருந்தது. ஹோமப் புகை எது, குப்பைப் புகை எது என்று தெரியவில்லை. ஐயர் போனதும் மச்சான் ஜன்னல்களையெல்லாம் மூடி ஏசியைப் போட்டார். அடைத்த கூடத்துக்குள் சாம்பார், மல்லிகை, வியர்வை, உள்ளே மாட்டிக்கொண்ட புகை. இலை போட்டார்கள். எனக்கு எதிர் வரிசையில் அவருடைய சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். பட்டு வேட்டி, பட்டுச் சட்டையோடு மச்சான் அந்த வாட்சைக் கட்டியிருந்தார். யாரோ அதைப் பற்றிக் கேட்டார்கள். அவர் சொல்ல ஆரம்பித்தார்.

"இது ஒரு உசுரையே காப்பாத்திக் கீதுங்க. பீச் ரோட்ல ஒரு லாரி டிரைவரு உழுந்துட்டான். இத்த கட்டிப் பாத்தேன், பல்சு இறங்கிகினே போவுது. உடனே மாப்ளகிட்ட சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்ச்சேன். ஆளு பொழைச்சிகினான். துட்டு போனா போவுது, இந்தமாரி ஒரு பொருளு வேணுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்ட வேண்டிய இடம். என் வாயில் கேசரி இருந்தது. அதை இலையோரத்தில் எடுத்து வைத்துவிட்டுக் கேட்டேன்.

"எப்ப கட்டிப் பாத்தீங்க மச்சான்? வாந்தி படும், கழுவ முடியாதுன்னுதானே சொன்னீங்க?"

பரிமாறுகிறவர் ரசத்தோடு அப்படியே நின்றார். மச்சான் சிரித்தார்.

"நீ டென்சன்ல இருந்த. கவனிச்சிருக்க மாட்ட."

"நான்தான் அவரு தலைய புடிச்சிகினு இருந்தேன்."

"சரி வுடு மாப்ள. சாப்புடு."

அவர் சம்பந்தியின் பக்கம் திரும்பி மாடி அறையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கேட்டவர்களும் மாடியைப் பற்றியே கேட்டார்கள். ஒருவர் முகத்திலும் மாற்றமில்லை. அவர் பொய் சொன்னதைவிட, அந்தக் கூடமே அதை மென்று விழுங்கிவிட்டு அடுத்த பதார்த்தத்துக்குப் போனதுதான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது. இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னாலிருந்து மனைவி பேசினாள்.

"எல்லார் எதிர்லயும் எங்க அண்ணன அசிங்கப்படுத்திட்டீங்க."

"அசிங்கத்த நான் பண்ணல."

"அவரு பொய்யே சொல்லட்டும். ஒரு பெருமைக்கு சொல்லிகினாரு. உங்களுக்கு இன்னா கொறஞ்சி பூட்ச்சி?"

எனக்கு என்ன குறைந்துபோனது என்று அவளுக்குச் சொல்ல முயன்றேன். எண்ணூர் ரோட்டில் ஏறியதும் லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ரொம்ப நாள் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

ஆலையில் என் பிரிவுக்குப் புதிதாக வந்த இன்ஜினியர் ஒருவர், இந்த மாதிரி வாட்சுக்கு அவ்வளவு பணம் தரலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார். தரலாம் என்றுதான் சொன்னேன். நேரம் தப்பாது, தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, இதயத் துடிப்பைச் சரியாகக் காட்டும். மச்சான் வாங்கிய பொருளில் ஒரு குறையும் இருக்கவில்லை. அதனாலேயே அதன்மேல் பழியைப் போட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

அடுத்த வருடம் மச்சான் இன்னும் விலைகூடியதாக வேறொன்று வாங்கினார். பழையதை அதன் பெட்டியிலேயே வைத்து, என்னிடம் கொடுக்கச் சொல்லித் தங்கையிடம் தந்தனுப்பினார். சமாதானத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன். பெட்டியைத் திறந்தேன். பட்டையின் உள்பக்கம் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்து, ஓரமெல்லாம் மஞ்சளாகியிருந்தது. ஒரு வருடத்து வியர்வையும் எச்சிலும் சேர்ந்த புளித்த வாடை. எனக்கு வேண்டாம் என்று மூடிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது மனைவி அந்தப் பட்டையை டெட்டால் விட்டுக் கழுவினாள். பிறகு உள்ளே போய் நைட்டிக்குள் அதைக் கட்டிக்கொண்டு, வாட்சைக் கையில் மாட்டிக்கொண்டு வந்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் முகத்தில் நான் பார்த்திராத ஓர் ஆச்சரியம் இருந்தது.

"ஏங்க, எண்பத்தி ரெண்டுங்க. இங்க வந்து பாருங்களேன்."

நான் எழுந்திருக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் கையை நீட்டிக்கொண்டே நின்றாள்.

"வாணாம்னா வுடுங்க."

சமையலறைக்குப் போய், வாட்சை முழங்கைப் பக்கம் ஏற்றி விட்டுக்கொண்டு அரிசி களைய உட்கார்ந்தாள். களையும்போது நடுநடுவே கையைத் திருப்பி எண்ணைப் பார்த்துக்கொண்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.