உயிரோடு இருப்பதற்கு ஒரு கையெழுத்து

கிருபாபாய் அம்மாள் உயிரோடுதான் இருந்தார். அதில் சித்தூர் மிட்டூரில் ஒரு குஞ்சு குளுவானுக்கும் சந்தேகம் கிடையாது. அப்படி எழுதிக் கொடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்தில் சர்க்கார் பென்ஷன் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. மாதம் பிறந்தால் கஜானா ஆபீசுக்கு வந்து, நான் இன்னும் சாகவில்லை என்று குமாஸ்தாவிடம் முகத்தைக் காட்ட வேண்டும். நடமாட முடியாதவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை. ஊரில் நம்பத்தகுந்த பெரிய மனிதர் யாராவது, இன்னார் இன்ன தேதியில் உயிரோடு இருக்கிறார் என்று சீட்டெழுதிக் கையெழுத்துப் போட்டால் வீட்டிலிருந்தபடியே பணம் வாங்கிக்கொள்ளலாம். நான் அந்தக் கஜானாவில் வாசலில் நின்று பேர் கூப்பிடுகிற டபேதாராக இருந்தேன். சிவப்பு டவாலியும் பித்தளை வில்லையும் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் என் கையெழுத்துக்குக் காலணா மதிப்பில்லை. இருந்திருந்தால் நானே போட்டுக் கொடுத்துத் தொலைத்திருப்பேன், இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

அம்மாள் பிறந்தது சந்திரகிரியில். பஞ்சத்தில் தாய் தகப்பன் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு, பெண்ணை மிஷன் போர்டிங்கில் கொண்டுவந்து விட்டார்கள். தம்பி எத்திராஜை மாமன் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அக்காள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தார், தம்பி நெற்றியில் நாமத்தோடு வளர்ந்தார். ஆனாலும் பாசம் விட்டுப்போகவில்லை. அம்மாள் நர்ஸ் படிப்புப் படித்து, சித்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டிலேயே ஆயுசைக் கழித்தார். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், ஊரார் பிள்ளையை உலகத்துக்குக் கொண்டுவரவே பொழுது பத்தவில்லை, இதில் எனக்கென்று ஒன்றா என்று சிரிப்பார்.

ரிடையர் ஆனபின் மிட்டூரில் ஒரு சந்துக்குள் ஒண்டிக்கட்டையாகக் குடியிருந்தார். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்ததிலிருந்து கோல் இல்லாமல் நடை இல்லை. எங்கள் சபைப் போதகர் ஏசுரத்தினம் ஐயர்தான் மாதாமாதம் உயிர்ச் சீட்டில் கையெழுத்துப் போடுவார். போதகர்களை நாங்கள் ஐயர் என்றுதான் அழைப்போம். ஆராதனை முடிந்ததும் சீட்டை என்னிடம் கொடுப்பார், நான் பணத்தைக் கொண்டுபோய் அம்மாளிடம் சேர்ப்பேன். போனால் லேசில் விடமாட்டார். காபி கொடுத்து, ஊர்ச் சேதியெல்லாம் கேட்டு, நான் எழுந்திருக்கும்போதெல்லாம் இன்னொரு கேள்வி கேட்பார். என் பெண்சாதி பேரைச் சொல்லித்தான் தப்பித்து வரவேண்டும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு மொட்டையில் வந்து முட்டிக்கொண்டது.

எத்திராஜின் மகன் சிட்டிபாபுவுக்குப் பிள்ளைகள் தங்கவில்லை. கடைசியாக உண்டானதும், பெண்சாதியை மிட்டூருக்கே அழைத்து வந்து அத்தையிடம் விட்டுவிட்டான். பிறந்த குழந்தை அழவில்லை, உடம்பெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது. அம்மாள் வாயோடு வாய் வைத்து ஊதி, முதுகில் தட்டி, ஒரு வழியாக அழவைத்துவிட்டார். இடுப்பு உடைவதற்கு முன்னால் நடந்தது இது.

அந்தப் பிள்ளைக்குத் திருப்பதியில் முடியிறக்க நாள் பார்த்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டை போடவேண்டும். தாய்மாமனோ ரங்கூனில். உயிர் கொடுத்தவர் மடியிருக்க வேறு மடி எதற்கு என்று பெற்றவள் ஒற்றைக்காலில் நின்றாள். அத்தைக்கு மலையேற முடியாதென்று கீழ்த் திருப்பதியிலேயே வைத்துக்கொண்டார்கள். அம்மாள் கோலை ஊன்றிக்கொண்டு போய், பிள்ளையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அது வீறிட்டு அலறியது. நாவிதன் சிரைத்து முடித்துச் சந்தனத்தைத் தடவிய நேரம் பார்த்து, பித்தளைச் சாமான் வாங்க அந்தப் பக்கம் போயிருந்த எங்கள் சபை மூப்பர் ஒருவர் கண்ணில் அம்மாள் பட்டுவிட்டார். வேறு எங்கேயும் பித்தளை விற்கவில்லை பாருங்கள் அந்த மனிதனுக்கு!

விஷயம் சபைக் கூட்டத்துக்கு வந்தது. புறமதச் சடங்கில் கலந்துகொண்டவர் சபையார் முன்னால் எழுந்து நின்று பாவ அறிக்கை செய்யவேண்டும். செய்கிறவரை ராப்போஜன அப்பமும் ரசமும் கிடையாது, சபைப் பட்டியலில் பேரும் கிடையாது. இது எங்களிடம் பழைய சட்டம். அம்மாள் பேரை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் சீட்டு வரவில்லை. மறந்துபோனார் போலிருக்கிறது என்று நானே ஐயர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அரைக்கால் விஷயத்துக்கும் மனச்சாட்சியைப் போட்டு உருட்டுகிறவர்.

"சபையில இல்லாதவங்களுக்கு நான் எப்படி சாட்சி போடறது, டபேதாரே? மேய்ப்பன்னு கையெழுத்துப் போட்டா, அவங்க என் மந்தைன்னு அர்த்தமாயிடும். அது பொய்."

ஆள் மூச்சு விடுகிறாரா என்பதுதான் ஐயா கேள்வி, எந்த மந்தையில் விடுகிறார் என்று சர்க்கார் கேட்கவில்லை என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் பண்ணப் போகிறார் என்று தெரிந்ததும் நான் எழுந்து வந்துவிட்டேன்.

வேறு பெரிய மனிதர் இல்லையா என்பீர்கள். அம்மாளோடு வேலை பார்த்த டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர், எனக்கு இவரைத் தெரியாதே என்றார். வக்கீல்கள், பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் என்று நானும் அலைந்து பார்த்தேன். எல்லாரும் அதையே சொன்னார்கள். அவர்களில் பாதிப்பேர் அம்மாள் கையில் பிறந்தவர்கள்தான். பிறந்தவுடன் யார் முகத்தைப் பார்த்தோம் என்று எவன் ஞாபகம் வைத்திருக்கிறான்?

பென்ஷன் நின்றது. அம்மாளுக்கு வேறு வரும்படி இல்லை. பால்காரி நின்றாள், பாத்திரம் கழுவ வந்தவளும் நின்றாள். என் பெண்சாதி குழம்பு கொடுத்தனுப்பினால் கிண்ணத்தைத் துலக்கி, அதில் தன் வீட்டு முருங்கைக்காயைப் போட்டுத்தான் திருப்பி அனுப்புவார். யாருக்கும் கடன்படக்கூடாதாம். இதற்கு நடுவில் சிட்டிபாபுவுக்குக் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை கிடைத்து, பெண்சாதி பிள்ளையோடு போய்விட்டான். எத்திராஜும் கூடவே போனார். இங்கே சீட்டு நின்றுபோன சங்கதியை அவர்களிடம் சொல்லக்கூடாதென்று அம்மாள் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நம் பிள்ளைக்கு மொட்டை போட்டதால்தானே இந்தக் கதி என்று அந்தப் பெண் மனசு நோகும் என்றார்.

ஐயரும் பாவம், தூக்கமில்லாமல்தான் இருந்தார். ஒரு ஞாயிறு தானே சொல்லியனுப்பினார். வந்து ஒரே ஒரு வார்த்தை, நான் செய்தது தவறு என்று சொன்னால் போதும், அங்கேயே கையெழுத்துப் போடுகிறேன் என்று. அம்மாள் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நேரம் வந்ததும் கோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சபையே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"நான் சாமி கும்புடல. கையெடுக்கல. அழுதுக்கினு இருந்த பிள்ளைய மடியில புடிச்சிக்கினு இருந்தேன், அவ்ளோதான். அது பாவம்னு சொன்னா எனக்கு சோறு வரும், தெரியும். ஆனா அதப் புடிச்சது தப்புன்னு என் வாயால நான் சொல்லமாட்டேன்."

சொல்லிவிட்டு மெதுவாக வெளியே நடந்தார். அந்த இடுப்போடு வாசல் வரைக்கும் போக வெகு நேரம் ஆயிற்று. ஐயர் பாட்டு நம்பரைச் சொன்னார், பாடினோம்.

மறு மாதப் பிறப்பன்று கஜானா வாசலில் ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் அம்மாள் ஒருக்களித்துப் படுத்திருந்தார். வண்டிக் குலுக்கலில் உட்கார முடியவில்லை. நானும் ஜட்காக்காரனும் கைத்தாங்கலாகப் படியேற்றினோம். ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டார். நான் பேரைக் கூப்பிட்டதும் குமாஸ்தா மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

பென்ஷன் குமாஸ்தா ஸௌரிராஜன் திருப்பதிக்காரர். தகப்பனார் கோயில் கைங்கரியத்தில் இருந்தவர். அங்க அடையாளத்தைப் படித்து, வலது முழங்கையில் வெந்த தழும்பு என்றார். அம்மாள் ரவிக்கைக் கையை மேலே தள்ளிக் காட்டினார், கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்த தழும்பு. முகத்தையும் ஒத்துப்பார்க்க வேண்டும் என்பது விதி.

"கொஞ்சம் நிமிர்ந்து என்னைப் பாருங்கோ," என்றார் ஸௌரிராஜன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "கிருபாபாய்ங்கறது நீங்கதானே?"

"ஆமாங்க. நான்தான்."

அதைச் சொல்லும்போது அம்மாளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. இடுப்பு வலி என்று நினைத்து நான் பெஞ்சை இழுத்துப் போட்டேன்.

நின்றுபோன பணமும் சேர்ந்து கைக்கு வந்தது. கையெழுத்தும் வேண்டாம், எவன் தயவும் வேண்டாம் என்று எனக்கு ஏக குஷி. அதற்குப் பிறகு மாதாமாதம் அந்த ஜட்கா வரும். அம்மாள் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, கலியாணத்துக்கு வருகிறவர் மாதிரி வருவார். காலையிலேயே பணம் வாங்கிவிட்டாலும் ஜட்கா வரவில்லை என்று சாக்குச் சொல்லிப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். ஆனால் இடுப்பு நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டு வந்தது. கடைசியில் அந்தப் படிகளைத் தவழ்ந்துதான் ஏறினார். பார்க்கச் சகிக்காது.

ஸௌரிராஜனுக்கும் சகிக்கவில்லை. அவரே தாசில்தாரிடம் போய்ப் பேசி, ஆள் அனுப்பி விசாரித்து வீட்டிலேயே சீட்டுக் கொடுக்க ஏற்பாடு பண்ணிவிட்டார். இனிமேல் ஆயுசு பூராவுக்கும் கவலையில்லை. அந்த உத்தரவை எடுத்து வைத்துக்கொண்டு, அம்மாள் வந்ததும் சந்தோஷமாகச் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து நீங்கள் இந்த அவஸ்தை படவேண்டாம், பணம் வீடு தேடி வரும், யாரும் உங்களை இங்கே வரச்சொல்லிக் கேட்கமாட்டார்கள் என்றார். நான் கைதட்டாத குறை.

அம்மாள் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் செத்துப்போயிற்று. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பிடிப் பண்ணிடாதீங்க, சாமி," என்றார். "மாசத்துல இன்னிக்கி ஒரு நாளுதான் ஒருத்தர் என் மொகத்தப் பாத்து, நீதானான்னு கேக்கறாங்க."

ஸௌரிராஜன் கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். உத்தரவை மடித்து மேஜை டிராயருக்குள் வைத்தார்.

"சரிம்மா," என்றார். "நிமிர்ந்து பாருங்கோ."

வெளியே பென்ஷன்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் அடுத்த பேரைக் கூப்பிடாமல், பெஞ்சை இழுத்து அம்மாளுக்குப் போட்டேன்.