பதினோராம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்

யானைக்குக் காய்ச்சல் வந்த கதைப் புத்தகம் ஒன்று என் வகுப்பு அலமாரியில் இருக்கிறது. அதன் பதினோராம் பக்கத்தில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கொடுக்கும் இலவச டிக்கெட் ஒன்று. எழுத்து அழிந்துவிட்டது. வைத்தவள் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பெண். அம்மாவின் டிக்கெட்டை அடையாளத்துக்குச் செருகிவிட்டு, "நாளைக்கு இங்கிருந்து மிஸ். யாரையும் எடுக்க விடாதீங்க" என்றாள்.

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் அவர்களுக்கு ஒற்றை அறை வாடகை வீடு. அம்மாவுக்குக் கம்பெனியில் காண்டிராக்ட் வேலை. ஷிப்ட் முடிந்து அவர் வரும்வரை, தினமும் அரை மணி நேரம், அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்து வாசிப்பாள். ஜூனில் எழுத்துக்கூட்டவே திணறியவள் தீபாவளிக்குள் வரி வரியாக வாசித்தாள். ஏழைப் பிள்ளைக்கு வாசிப்பு வர என்ன வேண்டும் என்று பயிற்சிக் கூட்டங்களில் அட்டை, பாட்டு, பொம்மை எல்லாம் காட்டுகிறார்கள். நான் கண்டது ஒரே இடம், ஒரே புத்தகம், பக்கத்தில் ஓர் ஆள். அவ்வளவுதான். "வேலைக்காக ஊர் மாறிப் போறவங்களுக்கு எதுக்கு மிஸ், இங்கயே இருக்கறவங்களுக்குச் சொல்லிக் குடுங்க" என்று தலைமையாசிரியர் சிரித்தார்.

அவர் வாய் பலித்தது. பொங்கல் முடிந்ததும் கம்பெனி அம்மாவை நிறுத்தியது. அடுத்த வேலை எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில். அங்கே பள்ளிக்கூடம் கன்னடம். அம்மா என்னிடம் வந்து நின்றார். "பரிட்சை முடியற வரைக்கும் இவ படுக்க ஒரு எடம் கெடைக்குங்களா மிஸ்? ஒரு தொந்தரவும் பண்ண மாட்டாளுங்க." என் வீட்டு மாடியில் ஓர் அறை, உடைந்த கட்டிலும் டிவி அட்டைப்பெட்டியுமாகக் கிடந்தது. "பாக்கலாம்மா" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் மாற்றுச் சான்றிதழ் கேட்டார். ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். அதில் மட்டும் எனக்குச் சுறுசுறுப்பு.

இரண்டு வருடம் கழித்து, போன மாதம், மத்திகிரி பஸ் நிறுத்தத்தில் அவளே என்னை அடையாளம் கண்டு ஓடிவந்தாள். திரும்பி வந்துவிட்டார்களாம், வேறு பள்ளியாம். "அங்க தமிழ்க்காரின்னாங்க, இங்க கன்னடக்காரின்னு கூப்புடறாங்க மிஸ்" என்று சிரித்தாள். பஸ் வந்தது. பலகையை அண்ணாந்து பார்த்தாள். உதடு அசைந்தது, நின்றது. "மிஸ், இது ஓசூர் போவுங்களா?"

பலகையில் தமிழில்தான் எழுதியிருந்தது, பெரிய எழுத்தில்.

யானை பிழைத்துக்கொள்கிறது. அது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. டிக்கெட் இன்னும் பதினோராம் பக்கத்தில்தான். அவள் சொன்னதில் அந்த ஒன்றை மட்டும் செய்திருக்கிறேன்: யாரையும் எடுக்க விடவில்லை.