இடது கையைக் கட்டு, வலது கையை வெட்டு

போன கிழமை ஒரு கல்யாண வீட்டில், வங்கியில் வேலை செய்த பழைய நண்பர் ஒருவர் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பென்ஷன் எடுத்துவிட்டாராம்.

"இனித் திராட்சைத் தோட்டம், வைன் பிஸ்னஸ் எண்டு படிக்கப் போறன். நீங்கள் அது படிச்ச ஆள்தானே?"

படித்த ஆள்தான். பொலிஸ் பைலில்கூட அப்படித்தான் பதிவாகியிருக்கிறது.

சண்டை நடந்த காலம். எனக்குக் கண்டியில் அரசாங்கக் கந்தோரில் வேலை. மஹய்யாவையில் வாடகை வீடு. சனிக்கிழமைகளில் பொழுது போகாமல், மூன்று மாத கோர்ஸ் ஒன்றில் சேர்ந்தேன் — திராட்சைச் செய்கையும் வைன் வியாபாரமும்! விரிவுரையாளர் பிரான்சுக்குப் போய் வந்தவர். அங்கே திராட்சைத் தோட்டங்களை ரயில் ஜன்னலால் பார்த்திருக்கிறாராம்.

என் மனைவி சரோவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"யாழ்ப்பாணத்தில எங்கட வளவுப் பந்தல்ல கொத்துக் கொத்தாத் தொங்கினது. அதை விட்டுட்டு வந்து, எந்த நேரமும் மழை பெய்யிற கண்டியில திராட்சை படிக்கிறியளோ?"

நியாயமான கேள்விதான். ஆனால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடியிருந்தது. கோர்ஸுக்குப் பாதை திறந்திருந்தது.

பின்வளவில் மூன்று கொடி நட்டேன். அவை படர ஒரு சுருள் கம்பி. இலையில் பூஞ்சணம் பிடித்தால் தூவ இரண்டு கிலோ கந்தகத் தூள். எங்கே கட்டுவது, எங்கே வெட்டுவது என்பதெல்லாம் படத்தோடு ஒரு கொப்பியில். கொடி காய்க்கும்வரை பொறுமை இல்லாமல், மார்க்கெட்டில் பழம் வாங்கி எட்டுப் போத்தல் வைனும் போட்டேன். லைசன்ஸ் இல்லாத வேலை. போத்தல்களை விறகுக் குவியலுக்குள் ஒளித்து வைத்தேன்.

கம்பி, கந்தகம், வரைபடம்... உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு அப்போது விளங்கவில்லை.

கொழும்பில் எங்கோ குண்டு வெடித்தது. மறுநாள் விடியற்காலை எங்கள் வீதியைச் சுற்றி வளைத்தார்கள். ஒளித்து வைத்ததை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒளிக்காமல் வைத்ததையெல்லாம் கண்டுபிடித்தார்கள்.

கந்தகத்தைக் கண்டதும் இன்ஸ்பெக்டர் இரண்டடி பின்னால் போனார். தமிழ் வாசிக்கத் தெரிந்த கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுக் கொப்பியை நீட்டினார். அவர் உரக்க வாசித்து, வரிக்கு வரி சிங்களத்தில் சொன்னார்.

"இடது கையைக் கட்டவும். வலது கையை வெட்டவும். இரண்டு கண்ணை மட்டும் விட்டு..."

மேலே வாசிக்க அவருக்கு மனம் வரவில்லை.

கொடியின் கிளைக்குக் கை என்று பெயர், துளிர்க்கும் இடத்துக்குக் கண் என்று பெயர் — இதைச் சிங்களத்தில் விளக்கிப் பாருங்கள். அதுவும் இடுப்பில் கட்டிய சாரத்தோடு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு!

ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் வாங்கில் இருத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் செல்வராஜ். எங்கள் வீதிதான். பேக்கரியில் வேலை.

"என்ன சார், உங்களையுமா? கவர்மெண்டு ஆளாச்சே! என்னா கேஸு?"

"திராட்சை."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"உங்களை ஏன் பிடிச்சவங்கள்?" என்றேன்.

"வீட்ல சந்தேகப்படுற மாதிரி ஒண்ணுமே இல்லையாம் சார். அதுதான் சந்தேகமா இருக்காம்."

சிரிக்க முடியவில்லை. இப்படிப் பிடிபட்டவர்கள் எத்தனையோ பேர் வழக்கே இல்லாமல் மாதக் கணக்கில் உள்ளே இருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் என் விரிவுரையாளருக்கு டெலிபோன் எடுத்தார். "அப்படி ஒரு மாணவரே இல்லை" என்றாராம் அவர். எனக்குக் கோபம் வரவில்லை. மனிதர் என்னைவிடப் பயந்தவர்.

மத்தியானம் சரோ வந்தாள். கையில் பை. பைக்குள் இரண்டு போத்தல்! வேண்டாம், வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. போத்தல்களை மேசையில் வைத்தாள்.

"ஐயா, இந்த மனுசன் குண்டு செய்யேல்லை. இதைத்தான் செய்தவர்."

கான்ஸ்டபிள் மொழிபெயர்த்தார். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"லைசன்ஸ் இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியென்றால் இது குற்றம்."

"ஓம் ஐயா, குற்றம்தான். எழுதுங்கோ!"

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. வைன் செய்தேன் என்றால் மதுவரிக் குற்றம். செய்யவில்லை என்றால் பயங்கரவாதம். எது நல்லது?

"செய்தேன் சேர்!" என்று கத்தினேன். "எட்டுப் போத்தல்!"

இன்ஸ்பெக்டர் மணந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். முகம் கோணிவிட்டது. போத்தலைச் சார்ஜன்டிடம் நீட்டினார். சார்ஜன்ட் ஜன்னலுக்கு ஓடினார்.

"இவன் குண்டு செய்தால் அது வெடிக்கவே வெடிக்காது" என்றார் இன்ஸ்பெக்டர். ஸ்டேஷனே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்கத் தைரியம் வேண்டுமே!

குற்றத்தை எழுதி என் முன் வைத்தார்கள். கல்யாணப் பதிவில்கூட நான் அவ்வளவு ஆசையாகக் கையெழுத்துப் போட்டதில்லை. பின்னேரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

செல்வராஜ் வர ஏழு மாதமானது.

பாவம், ஒப்புக்கொள்ள அவரிடம் ஒரு குற்றமும் இருக்கவில்லை.