தனுஷ்கோடியில் கம்பி இறங்கும் வீடு

வெள்ளகோவில் தபாலாபீசில் நான் தந்தி கொடுக்கும் ஆளாக இருந்த காலத்தில், என் சைக்கிள் எந்தச் சந்தில் திரும்பினாலும் அங்கே ஓர் அழுகுரல் கிளம்பிவிடும். சாவுக்குத் தவிர வேறெதற்கும் யாரும் தந்தி அடிக்க மாட்டார்கள் என்று ஊருக்கே ஒரு நிச்சயம். "அப்படியெல்லாம் இல்லைங்க" என்று நாலு வார்த்தை சொல்லிச் சமாளிக்க எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பேச்சு அதற்கும் முன்பே நின்றுபோனது என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

அப்படிப்பட்ட நான் ஒரு நல்ல தந்தி கொண்டுபோனேன். ஊருக்கு வெளியே தோட்டத்தில் குடியிருந்த ஒரு பெரியம்மாவுக்கு. உறவில்லை; வயதுக்கு மரியாதையாக அப்படிக் கூப்பிடுவேன். அவருடைய ஒரே மகன் கொழும்பில் ஒரு மளிகைக் கடைக்கு வேலைக்குப் போயிருந்தான். சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன் என்று அவன் அடித்த தந்தி அது. பெரியம்மா காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு கையெழுத்து கண்ணு?"

"நம்ம போஸ்ட்மாஸ்டர் எழுதினதுங்க."

"எம்பையன் சேதியை அவரு எதுக்கு எழுதறாரு?"

கம்பியில் வரும் சத்தத்தைக் கேட்டு அவர் எழுதுவார் என்றேன். நடுவில் கடல் கிடக்கிறதே, கம்பத்தை எதில் நட்டார்கள் என்று கேட்டார். கடலுக்கு அடியில் கம்பி கிடக்கிறதென்று போஸ்ட்மாஸ்டர் எனக்குச் சொல்லியிருந்தார்; அதையே நானும் சொன்னேன். பெரியம்மா முதலில் சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னைத் தேத்தறதுக்கு நீங்க ரெண்டு பேரும் சேந்து எழுதிப்போட்டீங்க. நல்ல மனசு கண்ணு. ஆனா நெசத்தைச் சொல்லிப்போடு. அவன் இருக்கானா இல்லையா?"

அதன்பின் மாதங்கள் போயின. மகனிடமிருந்து கடிதம் இல்லை. எழுதுவதில் அவன் பெரிய சோம்பேறி. வழியில் பார்க்கும்போதெல்லாம் பெரியம்மா அதே கேள்வியைத்தான் கேட்டார். சோறு இறங்காமல் மெலிந்துகொண்டே வந்தார். அந்தத் தந்தி நிஜம் என்று அவருக்கு எப்படியாவது காட்டிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறியே பிறந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பெரியம்மாவின் தம்பி, அக்காவையும் கூட்டிக்கொண்டு ராமேசுவரம் போக ஆள் சேர்த்தார். நானும் லீவு சொன்னேன். "தனுஷ்கோடியில குளிக்கப் போவீங்கல்ல? அங்கதான் கொழும்புக் கம்பி கடல்ல இறங்குது. வெள்ளைக்காரன் கட்டின பழைய வீடு. வர்றவங்க போறவங்க பாப்பாங்க, காவக்காரன் காட்டுவான்" என்றார் போஸ்ட்மாஸ்டர். அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பழனி வரைக்கும் பஸ், அங்கிருந்து ரயில். பாம்பன் பாலத்தில் எல்லோரும் கடலைக் கும்பிட்டார்கள். நான் மட்டும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தண்ணீருக்குள் கம்பியைத் தேடினேன்.

"ஏனுங்க தந்திக்காரரே, கம்பி தெரியுதுங்களா?" என்றார் தம்பி. "சுறா கிறா கடிச்சுப்போட்டிருந்தா, பாதித் தந்தி மீனுக்குல்ல போயிருக்கும்!"

பெட்டி முழுக்கச் சிரித்தது. பெரியம்மா சிரிக்கவில்லை.

தனுஷ்கோடியில் இரண்டு பக்கமும் கடல். குளித்து முடித்ததும் தம்பி அவசரப்படுத்த ஆரம்பித்தார். "வெரசா வாங்க, ரயிலு ஊதிப்போட்டா நமக்காக நிக்காது!" அப்போதுதான் பார்த்தேன், மணலில் தனியாக ஒரு கல் கட்டடம். சுண்ணாம்பு அடித்த சுவர், சின்னக் கதவு. கதவருகே ஒருவர் மடியில் கடலையைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தார். இதுதான், இதேதான்! கால் அங்கே ஓடியது. நாக்கு மட்டும் அசையவில்லை. அவர் எதிரில் போய் மரம் மாதிரி நின்றேன்.

பெரியம்மா பின்னாலேயே வந்தார். "விடு கண்ணு, போலாம். கம்பியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று திரும்பி நடந்தார்.

அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ!

"ஏனுங்க! கொழும்புக் கம்பி இங்கதானுங்களா?"

காவல்காரர் துள்ளி எழுந்தார். மடியிலிருந்த கடலையெல்லாம் மணலில் சிதறியது. "இம்புட்டுச் சத்தம் போட்டீகன்னா கொழும்புக்குக் கம்பியே வேணாமேண்ணே!" என்றவர், சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டார். "வாங்க, வந்து பாருங்க."

உள்ளே பழங்காலத்துப் பித்தளைக் கருவிகளைக் கண்ணாடி அலமாரியில் துடைத்து வைத்திருந்தார்கள். பக்கத்தில், வெட்டியெடுத்த பழைய கம்பித் துண்டு ஒன்று. கம்பி என்றா சொல்வது! கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் வடக்கயிறு தடிமனுக்கு இருந்தது. வெளியே முறுக்கிய இரும்பு, அதற்குள் தார் பூசிய சணல், அதற்கும் உள்ளே ரப்பர் மாதிரி ஏதோ ஒரு பிசின், நட்ட நடுவில் செம்பு. பெரியம்மா அதைக் கையில் வாங்கி முறுக்கின் மேல் விரலை ஓட்டினார். வாழ்நாளெல்லாம் கயிறு பிடித்த கை.

"நல்லாத்தான் முறுக்கியிருக்கான். இது அறாது" என்றார். "இப்பத்திக் கம்பி எங்க?"

அறையின் மூலையில் தரையைப் பிளந்துகொண்டு அது மேலே வந்திருந்தது, கறுப்பாக, ஈரம் கோத்து. கொழும்பு எந்தப் பக்கம் என்று கேட்டார் பெரியம்மா. காவல்காரர் கையைக் காட்டினார். பெரியம்மா ஈரச் சேலையோடு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார்.

"சாமீ! கேக்குதா? சாப்பிட்டயா கண்ணு?"

தம்பிகூடச் சிரிக்கவில்லை.

"கத்துனா போகாது ஆத்தா" என்றார் காவல்காரர் மெதுவாக. "அந்தா தந்தியாபீசு. எழுதிக் குடுத்தா தட்டுவாக."

"ரயிலு!" என்றார் தம்பி.

"போனாப் போவுது போ. ராமேசுவரத்து ராமலிங்கசாமி எங்கயும் ஓடிப்போவ மாட்டாரு" என்றார் பெரியம்மா.

தந்தியாபீஸ் ஜன்னலில் நின்று பெரியம்மா நெடுநேரம் யோசித்தார். "பதிலு நம்ம போஸ்ட்மாஸ்டருக்கும் தெரிஞ்சிருக்கக்கூடாது, உனக்கும் தெரிஞ்சிருக்கக்கூடாது. அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சதைக் கேக்கோணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, குமாஸ்தாவைப் பார்த்துச் சொன்னார்: "ஊருக்குப் போன அன்னிக்கு வெச்ச சோத்தைத் தின்னயா?"

"தின்னுட்டுத்தானேக்கா போனான்? நீதானே சொன்ன?" என்றார் தம்பி. பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்து வைத்தார். குமாஸ்தா நான் சொன்ன கொழும்புக் கடை விலாசத்தைப் போட்டு, தமிழை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, பதில் வெள்ளகோவிலுக்கு வரும்படி ஏற்பாடு செய்தார். அதற்குள் ரயில் ஊதிவிட்டது. மணலில் விழுந்து எழுந்து ஓடினோம். கடைசிப் பெட்டியில் இருந்தவர்கள் எங்களைக் கைபிடித்து இழுத்துப் போட்டார்கள்.

ஊர் திரும்பி வேலைக்குப் போன அன்று நான் எதற்கும் வெளியே நகரவில்லை. மத்தியானம் கருவி தட்டத் தொடங்கியது. போஸ்ட்மாஸ்டர் எழுதி முடித்து நெற்றியைச் சுருக்கினார். "என்னப்பா இது, இங்கிலீஷே இல்லை?" என்றவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். பாதியிலேயே அது தமிழ் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். வழியெல்லாம் மணியடித்தேன். நான் மிதித்த வேகத்தைப் பார்த்துத் தெருப்பெண்கள் மாரில் அடித்துக்கொண்டே பின்னால் ஓடிவந்தார்கள்.

பெரியம்மா தொட்டியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அழுகையைக் கேட்டு முகம் வெளுத்துப்போனது. எனக்கு மூச்சு வாங்கியது. இருந்தாலும் சத்தமாகவே படித்தேன்.

"திங்கலை. எடுத்து வை. வாரேன்."

பெரியம்மா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "தட்டத்தைத் தள்ளிப்போட்டுக் கோவிச்சுட்டுப் போனான் கண்ணு. நான் ஒருத்தருகிட்டயும் சொல்லலை. கோவிச்சுட்டுப் போனவன் தந்தி அடிப்பானான்னுதான் மொதத் தந்தியை நம்பலை..." என்றவர், பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். "எவளும் அழுவக்கூடாது! எம்பையன் சோறு கேட்டு அனுப்பியிருக்கான்!"

பிறகு என் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"இதுவும் போஸ்ட்மாஸ்டர் கையெழுத்துத்தானா?"

"ஆமாங்க பெரியம்மா."

"இருக்கட்டும். பேச்சு எம்பையன் பேச்சு. உள்ள வா கண்ணு, சாப்பிடலாம். எனக்கும் பசிக்குது."